பொங்கல் லீவில் பிள்ளைகளை என்ன செய்வது

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜனவரி ஒரு விசித்திரமான மாதம். அரையாண்டுப் பரீட்சை லீவு முடிந்து, மூன்றாம் பருவப் புத்தகத்தை வாங்கி, அட்டை போட்டு, லேபிள் ஒட்டிப் பெயர் எழுதுவதற்குள் போகி வந்துவிடும். அப்புறம் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று வரிசையாக லீவு. அது முடிந்து ஒரு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் குடியரசு தினம். சில வருடம் தைப்பூசமும் நடுவில் வந்து சேர்ந்துகொள்ளும், 2021இலிருந்து அதற்கும் அரசு விடுமுறை. டீச்சர்களுக்குப் பாடம் முடிக்கிற கவலை, அம்மாக்களுக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துச் சமாளிக்கிற கவலை. பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கவலையும் கிடையாது.

நான் வடசென்னை தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, கார்ப்பரேஷன் ஸ்கூல் பிள்ளைகளும் உண்டு, மெட்ரிகுலேஷன் பிள்ளைகளும் உண்டு. லீவு விட்டதும் அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி, "டியூஷன் இருக்கா மிஸ்?" இரண்டாவது கேள்வி, "பிராஜக்ட் குடுத்திருக்காங்க, கொஞ்சம் பாக்கறீங்களா?"

இந்த பிராஜக்ட் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொங்கல் பற்றி ஒரு சார்ட், குடியரசு தினத்துக்கு ஒரு தெர்மாகோல் மாடல், 'நான் விடுமுறையைக் கழித்த விதம்' என்று ஒரு பக்கக் கட்டுரை. எல்லாம் லீவு முடிந்து வரும்போது கையில் இருக்க வேண்டும். யார் செய்வது? ஸ்டேஷனரிக் கடையில் பானை, கரும்பு, மாடு எல்லாம் ஒரே தாளில் அச்சடித்து விற்கிறார்கள். அப்பா வாங்கி வருவார், அம்மா வெட்டுவார், ஜெராக்ஸ் கடை அண்ணன் தலைப்பை பிரிண்ட் போட்டுக் கொடுப்பார், பிள்ளை பசை தடவும். கட்டுரையை அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதும். லீவு எப்படிப் போகும் என்பதை லீவு தொடங்குவதற்கு முன்பே எழுதி முடித்துவிட்ட பிள்ளைகளும் என்னிடம் உண்டு. 'நான் பாட்டி ஊருக்குச் சென்று வயல்வெளிகளைக் கண்டு மகிழ்ந்தேன்' என்று ஒருவன் எழுதியிருந்தான். அவன் பாட்டி வீடு பக்கத்திலேயே, கொருக்குப்பேட்டையில்.

அதற்காகப் பிள்ளைகளைச் சும்மா விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. சும்மா விட்டால் போன்தான் எடுப்பார்கள், அது எல்லாருக்கும் தெரியும். நம்ம ஏரியாவில் ஜனவரி மாதம் தெருவிலும் மொட்டைமாடியிலும் கிடைக்கிற சரக்கே போதும், சார்ட் வாங்கவே தேவையில்லை என்கிறேன். எண்ணவும் அளக்கவும் நாலு பேரிடம் கேட்கவும் பிள்ளையை விட வேண்டும், அவ்வளவுதான். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படிக் கையால் செய்து படிப்பது ஓரளவு பழகியும் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் பிள்ளைகள்தான் முதலில், "இத எந்த நோட்ல எழுதணும் மிஸ்?" என்று கேட்பார்கள்.

முதலில் கோலம். பொங்கல் வருகிறவரை மார்கழிதான், தெரு முழுக்கக் கோலம். தண்டையார்பேட்டை மாதிரி நெருக்கடியான இடத்தில் வாசல் என்பதே இரண்டடிதான். ஆனாலும் விடியற்காலையில் பைக்கை நகர்த்தி வைத்துவிட்டுப் புள்ளி வைக்கிற அக்காக்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, காலையில் பால் வாங்கப் போகும்போது வழியில் இருக்கிற கோலங்களின் புள்ளிக் கணக்கைக் கேட்டு எழுதி வரச் சொல்வேன். "அக்கா, இது எத்தனை புள்ளி? நேர்ப்புள்ளியா, சந்துப்புள்ளியா?" இதைக் கேட்டால் முகம் கோணுகிற பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. பொடியைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கம் சொல்வார்கள்: ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி, இரண்டு புள்ளிக்கு நடுச்சந்தில் வைத்தால் சந்துப்புள்ளி.

சாயங்காலம் அந்த நோட்டைப் பிரித்தால் கணக்குப் பாடம் தானாகவே அதில் இருக்கும். 3 புள்ளி நேர்ப்புள்ளி ஒன்றில் முடிந்தால் 1, 3, 1, மொத்தம் 5. அடுத்து 5 புள்ளி: 1, 3, 5, 3, 1, மொத்தம் 13. 7 புள்ளி என்றால் 25. 9 புள்ளிக்கு 41. இதை நான் சொல்வதில்லை. சாக்பீஸைக் கொடுத்துத் தரையில் வைத்து எண்ணச் சொல்வேன். சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணும், நாலாவது படிக்கிறவர்கள் வரிசை வரிசையாகக் கூட்டுவார்கள். நாலைந்து கோலம் ஆனதும், "அடுத்தது 11 புள்ளிக்கு எவ்வளவு வரும், வைக்காமலே சொல்லுங்க" என்றால் ஒரு நிமிடம் கப்சிப். 1, 5, 13, 25, 41. போன பொங்கலுக்கு முன்பு இதைக் கண்டுபிடித்தவன் வகுப்பிலேயே அதிகம் அடி வாங்குகிற வாலுப் பையன். தரையில் படுத்தபடியே, "மிஸ், நாலு ஏறுது, எட்டு ஏறுது, பன்னெண்டு ஏறுது, பதினாறு ஏறுது, அப்ப அடுத்தது இருபது. அறுவத்தி ஒண்ணு மிஸ்!" என்றான். சரி பார்க்க எல்லாரும் சேர்ந்து 11 புள்ளி வைத்தார்கள். 61தான். நாலாம் வாய்ப்பாடு வராது என்று அவன் ரிப்போர்ட் கார்டில் எழுதியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம். 7 புள்ளிக் கோலத்தில் உச்சியிலிருந்து நடுவரிசை வரை எண்ணினால் 1+3+5+7=16, அதாவது 4x4. மிச்சமிருக்கிற கீழ்ப்பாதி 5+3+1=9, அதாவது 3x3. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பது வாசலில் அப்படியே கிடக்கிறது. சந்துப்புள்ளி வேறு கணக்கு: 7இல் தொடங்கி 4இல் முடிந்தால் 37. அதை அவர்களே போட்டுப் பார்க்கட்டும். கோலத்தைப் பெரிய இடத்துக் கணிதக்காரர்களே விடவில்லை. 1974இல் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை வைத்துக் கணினி மொழி இலக்கணத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். பையன்களை இதில் கட்டாயம் உட்கார வையுங்கள். "அது பொம்பளைங்க வேலை" என்று ஏதாவது தாத்தா திண்ணையிலிருந்து சொன்னால் அவரையும் ஒரு 13 புள்ளிக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

போகிக்கு வருவோம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் போகி என்றால் மேளம். ஒரு வாரத்துக்கு முன்பே தள்ளுவண்டியில் வந்துவிடும், குச்சியோடு சேர்த்து. விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆரம்பித்துத் தெருவைத் தூங்கவிடாமல் அடிப்பார்கள். மேளத்தில் பாடம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. நெருப்புப் பக்கம் காட்டிச் சூடேற்றினால் தோல் இறுகிச் சத்தம் கணீரென்று மாறும், பனியில் நனைந்தால் தொளதொளத்துப் போகும். பிள்ளைகளுக்கு இது நாம் சொல்லாமலே தெரியும். ஏன் என்று மட்டும் ஒரு தடவை கேட்டு வையுங்கள்.

புகையை நாம் வருடா வருடம் திட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்று ஏற்கெனவே எப்படி இருக்கிறது என்பது இங்கே மூச்சு விடுகிற எல்லாருக்கும் தெரியும், அதன்மேல் போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும். 'புகையில்லாப் போகி' என்று சார்ட்டில் எழுதி ஒட்டுவதைவிட ஒரு சின்ன வேலை செய்யலாம். நாலு வெள்ளை அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போதும். ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்து ஒரு அங்குலச் சதுரம் போட்டு, அதில் தேங்காய் எண்ணெயை விரலால் மெல்லிசாகத் தடவ வேண்டும். மெல்லிசாக, வழியக் கூடாது. ஒன்றைப் போகி விடிகிற இரவுக்கு முந்தின இரவு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, காலையில் எடுத்து டிபன் பாக்ஸில் மூடி வையுங்கள். இரண்டாவதைப் போகி விடிகிற இரவு முழுக்க அதே ஜன்னலில். மூன்றாவது அடுத்த நாள் இரவு. நாலாவதைப் போகி விடிகிற அதே இரவில் வீட்டுக்குள்ளேயே, பீரோ மேல் வைக்க வேண்டும்.

அப்புறம் நாலையும் வரிசையாக வைத்து, லென்ஸ் இருந்தால் லென்ஸ், இல்லாவிட்டால் வெறும் கண்ணால், சதுரத்துக்குள் ஒட்டியிருக்கிற கறுப்புப் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். போகி அட்டையைப் பார்த்ததும் பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். "இது நம்ம மூக்குல போச்சா மிஸ்?" போகாமல்? மூக்குக்குள் போவதில் நம் கண்ணுக்குத் தெரியாத துகள்தான் அதிகம், நுரையீரல் வரை இறங்குவதும் அதுதான். கையோடு போனில் அன்றைய காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். மணலி, ராயபுரம், கொடுங்கையூரில் எல்லாம் அளக்கிற நிலையங்கள் இருக்கின்றன. 50 வரை நல்ல காற்று, 200 தாண்டினால் மோசம், 400 தாண்டினால் கடைசி வகை. பெரிய எண், சின்ன எண் ஒப்பிடத் தெரிந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே இது புரியும். என் வகுப்பில் ஒரு பெண் அந்த நாலு அட்டையையும் அவள் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அவர் பழைய டயர்க் கடை வைத்திருக்கிறவர். என்ன சொன்னார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொங்கல் அன்று பானை வைக்கிற நேரத்தில் யாரும் பாடம் நடத்தப் போவதில்லை, நடத்தவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வியைப் பிள்ளை காதில் போட்டுவிட்டுப் போய்விடலாம்: பால் பொங்குகிறது, தண்ணீர் கொதித்தால் ஏன் அப்படிப் பொங்கவில்லை? பால் சூடாகும்போது அதில் இருக்கிற புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடை கட்டுகிறது, அடியிலிருந்து வருகிற ஆவி வெளியே போக வழியில்லாமல் ஆடையைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. தண்ணீரில் ஆடையே இல்லை, குமிழி உடைந்துகொண்டே இருக்கும். அடுத்த நாள் டீ போடும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்த்துச் சரி பார்த்துக்கொள்ளட்டும். ரேஷன் கரும்பு வந்திருந்தால் கணு எத்தனை, இரண்டு கணுவுக்கு நடுவில் எத்தனை சென்டிமீட்டர், அடியில் நெருக்கமா நுனியில் நெருக்கமா என்று டேப் வைத்து அளக்கலாம். வெட்டித் தின்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், அதுதான் ஒரே சிக்கல்.

ஆனால் சூரியனுக்கு நன்றி சொல்கிற நாளில் சூரியனை அளக்காமல் விடுவது எனக்கு மனசு வராத காரியம். மொட்டைமாடி இருக்கிற வீடாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளமான குச்சி ஒன்றை, பழைய பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு நேராக நட வேண்டும். மண்ணுக்கு மேலே சரியாக 100 சென்டிமீட்டர், நிழலையும் மண் மட்டத்துக்கே படுகிற மாதிரி ஒரு பலகை மேல் விழ வைத்தால் அளவு துல்லியமாக இருக்கும், இல்லாவிட்டால் மாடித் தரையிலிருந்தே 100 இருக்கும்படி குச்சியைச் சுவரோரமாகக் கட்டிவிடலாம். 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் சாக்பீஸ் குறி. பிள்ளைகள் எல்லாரும் சரியாக 12 மணிக்குத்தான் நிழல் ரொம்பச் சின்னதாக இருக்கும் என்று அடித்துச் சொல்வார்கள், பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். பொங்கல் சமயத்தில் சென்னையில் அது 12.18 வாக்கில்தான் நடக்கும். நம் கடிகாரம் ஓடுவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பக்கம் போகிற தீர்க்கரேகையின் நேரப்படி, நாம் அதற்குக் கொஞ்சம் மேற்கே இருக்கிறோம், பாதித் தாமதம் அதனால். மீதிப் பாதி பூமி சூரியனைச் சுற்றுகிற விதத்தால் வருவது, அதைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிடலாம்.

நிழலின் நீளத்தையும் எழுதி வையுங்கள். பொங்கலன்று ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் வரும். இதே குச்சி, இதே மாடி, குடியரசு தினத்தன்று மறுபடி அளந்தால் 62 பக்கம் வந்திருக்கும். சூரியன் வடக்கே வருகிறது என்று பாட்டி சொன்னதை ஆறு சென்டிமீட்டரில் பிள்ளை கையால் தொட்டுப் பார்த்துவிட்டது. விடாமல் மாதத்துக்கு ஒரு தடவை அளக்கிற பொறுமை யாருக்காவது இருந்தால், ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நிழலே காணாமல் போகும். இன்னொன்று: ஜனவரியில் பனி அடிக்கிறதே, சூரியன் தூரமாகப் போய்விட்டதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்பார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதே ஜனவரி முதல் வாரத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. குளிருக்குக் காரணம் வெயில் சாய்வாக விழுவது, குச்சியின் நீள நிழல் காட்டுவதும் அதைத்தான். விவேகானந்தர் 1863 ஜனவரி 12 அன்று பிறந்தபோது மகர சங்கராந்தி, இப்போது அது 14, 15க்கு வந்துவிட்டது என்பதையும் ஐந்தாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பொங்கல் நகருமா என்று அதிர்ச்சியாகக் கேட்டார்கள். நகரும், 72 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் மெதுவாக. லீவு குறையாது என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார்கள்.

திருவள்ளுவர் தினத்துக்குப் பத்துக் குறள் மனப்பாடம் என்று சில பள்ளியில் கொடுப்பார்கள். அதற்கு ஒரு குறுக்கு வழி. ஒரு குறளில் ஏழு சீர், மேல் வரியில் நாலு, கீழ் வரியில் மூன்று. ஏழையும் ஏழு துண்டுத் தாளில் எழுதி, மூன்று குறளைக் கலந்து போட்டு, இரண்டு அணியாகப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். எதுகை கண்ணில் படும்போது 'அகர' வந்தால் 'பகவன்' எங்கே என்று தேடுவார்கள். நாலு ஆட்டத்தில் மனப்பாடம் ஆகிவிடும். கன்னியாகுமரி சிலையின் கணக்கும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்: 2000 ஜனவரி 1 அன்று திறந்தது, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்குப் பீடம் 38 அடி, மீதி 95 அதிகாரத்துக்குச் சிலை 95 அடி, மொத்தம் 133. நம் மாடியில் நின்று, 133 அடி என்றால் எத்தனை மாடி வரும் என்று கேளுங்கள்.

காணும் பொங்கலன்று மெரினாவுக்குக் கூட்டிப் போவது உங்கள் விருப்பம், உங்கள் துணிச்சல். போலீஸ்காரர்களே பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிற அளவுக்குக் கூட்டம். போவதென்றால் அதற்கு முன் ஒரே ஒரு வீட்டுப்பாடம்: அம்மா அப்பா போன் நம்பர் பத்து இலக்கமும் பார்க்காமல் சொல்ல வேண்டும். என்னிடம் படிக்கிறவர்களில் பல பேருக்கு வராது, ஏனென்றால் அது போனிலேயே 'அம்மா' என்று இருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு. லீவில் ஒரு கூட்டமில்லாத நாளாகப் பார்த்து, தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. ரயில் டிக்கெட் சல்லிசு. வழியே பாடம்தான்: திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று பிள்ளைகள் ஸ்டேஷன் பலகையைத் தாங்களே படிக்கட்டும், வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பெரிய எழுத்து கிடைக்காது. எண்ணூர் தாண்டி ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒரு பக்கம் தண்ணீர், தூரத்தில் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி, "அது மேகமா புகையா?" பழவேற்காட்டு ஏரியில் ஜனவரியில் பூநாரை வந்திருக்கும். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம், தின்கிற பாசியிலும் சின்ன இறாலிலும் இருக்கிற நிறமி சேரச் சேர இளஞ்சிவப்பு. கரையிலிருந்தே பார்க்கலாம், படகில் ஏற்ற வேண்டாம். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும் அங்கேயே இருக்கிறது.

அவ்வளவு தூரம் முடியாது என்றால் ராயபுரம் ரயில் நிலையம் இருக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. நாம் தினமும் பஸ்ஸில் அதைக் கடந்து போகிறோம், ஒரு பிள்ளையிடமும் யாரும் இதைச் சொல்வதில்லை. பெரம்பூர்ப் பக்கம் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்களைத் தொட்டே பார்க்கலாம். வந்தே பாரத் ரயில் முதலில் செய்யப்பட்டதும் ஐ.சி.எஃப்.பில்தான். புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டி நந்தனத்தில் நடக்கும். 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து நமக்கு அது ஒரே வண்டி, தண்டையார்பேட்டையிலிருந்து பதினோராவது ஸ்டேஷன். கையில் நூறு ரூபாய் கொடுத்து, அதற்குள் என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று விட்டுவிடுங்கள். பத்து சதவீதத் தள்ளுபடி போக எவ்வளவு என்று அவர்களே நின்று கணக்குப் போடுவதைப் பார்க்க வேண்டும். பெற்றோர் தேர்ந்தெடுக்கிற ஜெனரல் நாலெட்ஜ் புத்தகம் வீட்டுக்கு வந்ததும் பரணுக்குத்தான் போகும்.

ஜனவரியில் நம் ஏரியாவுக்கென்றே ஒரு நாள் இருக்கிறது, அதைப் பள்ளிக் காலண்டரில் பார்க்க முடியாது. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எதிர்த்துச் சிறை போன நடராசன் நம் பெரம்பூர்ப் பக்கத்துப் பையன். 1939 ஜனவரி 15 அன்று, சிறைவாசத்திலேயே உயிர் போயிற்று. இரண்டு மாதம் கழித்து, அதே போராட்டத்தில் சிறை போன தாளமுத்து. இரண்டு பேருக்கும் நினைவிடம் மூலக்கொத்தளம் சுடுகாட்டில். ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாளன்று கட்சிக்காரர்கள் மாலையோடு வருவார்கள், அன்றைக்குப் போகாமல் வேறொரு நாள் காலையில் நாலு பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கல்வெட்டை நிதானமாகப் படிக்கலாம். சுடுகாட்டுக்கா கூட்டிப் போகிறீர்கள் என்று ஒரு அம்மா முகம் சுளித்தார். கல்வெட்டில் இருக்கிற வருடங்களைக் கழித்து, "என் மாமா வயசுகூட இல்ல மிஸ்" என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். நாம் எந்த மொழியில் படிக்கிறோம், ஏன் என்று அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதற்கெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொன்னேன். கட்சி பேசவில்லை. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில்தான் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று என்பதை அந்த இடத்தில் சொன்னால் பிள்ளைக்கு மறக்காது.

குடியரசு தினத்துக்குக் கொடி வரையச் சொல்வார்கள். அசோகச் சக்கரத்தில் 24 ஆரம், பிள்ளைகள் பதினாறு போட்டுவிட்டு மிச்சத்தை இடுக்குவார்கள். டப்பா மூடியை வைத்து வட்டம் வெட்டி, பாதியாக மடித்து, அதை மூன்று சம பங்காகக் கூம்பு மாதிரி மடித்து, மறுபடி பாதி, மறுபடி பாதி. பிரித்தால் நடுவிலிருந்து 24 மடிப்புக் கோடு. 2, 6, 12, 24 என்று ஒவ்வொரு மடிப்பிலும் நிறுத்தி எண்ணிக்கொண்டே போனால் பெருக்கலும் வந்துவிடும். கொடியின் நீளம் அகலம் 3க்கு 2. 1947 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய கொடி அங்கேயே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பாரிமுனையிலிருந்து நடக்கிற தூரம். பன்னிரண்டடிக்கு எட்டடி. 3க்கு 2தானா என்று பிள்ளை சரி பார்க்கட்டும்.

மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை தேடி வருகிற பருவம் தொடங்குகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. மீன் மாதிரி ஆமையால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விட முடியாது, நமக்கு இருக்கிற மாதிரி நுரையீரல், மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போக வேண்டும், இழுவலையில் சிக்கினால் மேலே வர வழியில்லை. பாடப் புத்தகத்தில் 'நீர்வாழ் உயிரிகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். ஆனால் இந்தப் பிள்ளைகள் வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, காலா, பாறை என்று பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்கிறவர்கள், தாத்தாவிடம் கேட்டு வந்தால் எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்றுகூடச் சொல்வார்கள். அவர்களிடம் 'மீன்களின் பெயர்களை எழுதுக' என்று ஐந்து கோடு மட்டும் போட்டுக் கொடுப்பது அநியாயம். ஆமையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும். வலை அவர்கள் அப்பாவுடையது, பிள்ளைக்கு அப்பாவைக் குற்றவாளியாக்குகிற பாடம் வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் ஆமையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னால், பல வீட்டில் வலையில் ஆமை வந்தால் அறுத்து விட்டுவிடுகிற கதைகள் வரும்.

இதெல்லாம் ஒரே லீவில் செய்கிற காரியம் இல்லை. இரண்டு செய்தால் அதிகம். மிச்ச நேரம் கேரம் போர்டை எடுத்து வெளியே போடுங்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து பெண் பிள்ளைகளை போர்டுப் பக்கம் விடாத வீடுகள்கூடக் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன. கட்டையில் பட்டு ஸ்டிரைக்கர் எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதைப் பிள்ளைகளே விளையாடி விளையாடிக் கண்டுபிடிப்பார்கள், நாம் வாயைத் திறக்க வேண்டாம். காய் ஒன்றுக்கு ஒரு புள்ளி, ராணிக்கு மூன்று, 25 எடுத்தால் கேம். சுவரில் சாக்பீஸால் ஸ்கோர் எழுதுகிற வேலையை மட்டும் கூட்டல் வராத பிள்ளையிடம் கொடுங்கள். தப்பாக எழுதினால் எதிர் அணிக்காரன் அந்த நிமிடமே திருத்துவான்.